சாய்ந்த ஃப்ரெட், தலையில்லாத பேஸ்: பத்து நாள் வாசித்துப் பார்த்தேன்

#1 இரணியல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

ஞாயிறு சபையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். சீசன் வந்தால் களியக்காவிளை, அருமனை பக்கம் கானமேளா. கையில் இருப்பது ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார், கம்பி நீளம் 34 அங்குலம். எடை நாலே முக்கால் கிலோ. தோளில் மாட்டினால் தலைப்பக்கம் தானாகக் கீழே இறங்கும். அதை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே அதே கையால் வாசிக்கவும் வேண்டும். போன கிறிஸ்மஸில் வீடு வீடாகக் கரோல் போனோம், பதினைந்து ராத்திரி. முடிந்தபோது இடது மணிக்கட்டு போயே போய்விட்டது. காலையில் பேஸ்ட் மூடியைத் திறக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மச்சினன் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். கூடவே ஒரு மல்ட்டி ஸ்கேல் பேஸ், அதாவது கம்பிக்குக் கம்பி நீளம் மாறுகிற வகை. தலை கிடையாது, ட்யூனிங் எல்லாம் பிரிட்ஜ் பக்கம், கம்பி உடம்பில் மாட்டியிருக்கிற முனையில். தடித்த பி ஸ்ட்ரிங் 35 அங்குலம், மெல்லிய ஜி ஸ்ட்ரிங் 33 அங்குலம், நடுவில் இருப்பவை அதற்குத் தக்கபடி. பிராண்ட் பெயர் எழுதவில்லை, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். தேங்காய் நிறுக்கிற தொங்கு தராசில் ஸ்ட்ராப்போடு மாட்டிப் பார்த்தேன்: 3 கிலோ 400. என் பழையதோடு ஒப்பிட்டால் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் குறைவு.

முதலில் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட்டுகள்; இதில் மழையில் நனைந்து கோணிப்போன ஏணி மாதிரி இருக்கின்றன. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற நட் ஒரு பக்கம் சாய்கிறது, பிரிட்ஜ் எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஏழாவது ஃப்ரெட் ஒன்று மட்டும் நேராக நிற்கிறது. இதில் எப்படி விரல் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இருட்டில் சும்மா தடவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், விரல்கள் தப்பாமல் விழுகின்றன. லைட் வந்து ஃப்ரெட்டைப் பார்த்ததும் மறுபடி தப்பு.

இதை வாங்கலாமா என்று ஒரு யோசனை. வாசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாசிக்காதவர்களும் சொல்லலாம், எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள்.

#2 குலசேகரம்_பால்வெட்டு

மக்கா, ரப்பர் மரத்தில் பட்டை வெட்டுகிற சாய்வைப் பார்த்திருக்கிறாயா? இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. நேராக வெட்டு என்று சொன்னால் எனக்குத்தான் கை ஓடாது. சாய்வு இருந்தால் கை அதோடு போய்விடும். உன் பேஸும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. பேஸில் ‘டேப்பிங்’ என்று யாரோ வீடியோ போட்டிருந்தார்கள் என்று ஆசையாகத் திறந்தேன். ரப்பர் வெட்டுக்கும் அதுதானே பெயர்; பார்த்தால் பாலும் இல்லை, சிரட்டையும் இல்லை.

#3 பழைய_நாலுகம்பி

தம்பி, நான் 1987 முதல் வாசிக்கிறேன். நாலு கம்பி, 34 அங்குலம். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அளவு அது. அதற்கப்புறம் எத்தனை பேர் அதில் வாசித்துவிட்டார்கள்! யாரும் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஃப்ரெட்டைச் சாய்க்கவில்லை. வயலின்காரனுக்கு ஃப்ரெட்டே கிடையாது, அவன் என்ன அழுகிறானா?

எடை குறைவு என்கிறாய், அது சரி. தலை இல்லை என்கிறாய், அதுவும் போகட்டும். ஃப்ரெட்டை எதற்குக் கோணலாக்க வேண்டும்? புதுசாக விற்க ஏதாவது வேண்டுமே, அதற்காகச் செய்தது போல இருக்கிறது.

#4 ஃபிசிக்ஸ்_சார்

நாலுகம்பி அண்ணாச்சிக்கு ஒரு சின்னக் கணக்கு. முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சோனாமீட்டர் நடத்தியவன் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கம்பி, ஒரே சுருதி. நீளம் மட்டும் கூடினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே பி ஸ்ட்ரிங்கை 34 அங்குலத்திலிருந்து 35க்குக் கொண்டுபோனால் விசை சுமார் 6 சதவீதம் கூடுகிறது. கனடாவில் சாஸ்கட்டூனில் இருக்கும் டிங்வால் கம்பெனிக்காரர்கள் 37 அங்குலம் வரை போகிறார்கள். அங்கே 18 சதவீதம் கூடும். ஜி ஸ்ட்ரிங்கை 34லிருந்து 33க்குக் குறைத்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம் தளரும்.

சரி, அதனால் என்ன? பி ஸ்ட்ரிங்கின் சுருதி சுமார் 31 ஹெர்ட்ஸ். நம் சபைகளில் இருக்கிற ஆம்ப் எதுவும் அந்த 31ஐ ஒழுங்காகத் தராது. காதில் விழுவது பெரும்பாலும் அதன் மேல்ஸ்வரங்கள்தான்: 62, 93 இப்படி. கம்பி தடியாகவும் குட்டையாகவும் இருந்தால் அது கம்பி போல ஆடாமல் கொஞ்சம் இரும்புத் தடி போல ஆடும். அப்போது மேல்ஸ்வரங்கள் கணக்குப்படி நிற்காமல் சற்று ஏறி நிற்கும். ‘பி ஸ்ட்ரிங் கொழகொழ என்று இருக்கிறது, சுருதியே பிடிபடவில்லை’ என்று சொல்கிறோமே, அதில் பாதி இதுதான். நீளம் கூட்டினால் அது குறையும். ஆனால் எல்லா ஸ்ட்ரிங்கையும் நீட்டினால் ஜி ஸ்ட்ரிங் விறைத்து மெல்லிசாகக் கீச்சிடும். ஆகவே தடித்ததற்கு நீளம், மெல்லியதற்குக் குட்டை. பியானோ மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே அதே கதைதான். நம் யாழும் அப்படித்தான், ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு நீளம்.

‘புதுசாக விற்க’ என்றார் அண்ணாச்சி. ரால்ஃப் நோவாக் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1989இல். அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் ஆர்ஃபாரியன் என்று ஒரு கம்பி வாத்தியம் இருந்தது. 1617இல் செய்த ஒன்று இன்றும் இருக்கிறது, அதிலும் ஃப்ரெட் சாய்வுதான்.

#5 பழைய_நாலுகம்பி

சார், கணக்குச் சரி. எனக்கு பி ஸ்ட்ரிங்கே இல்லையே, நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

#6 இரணியல்காரன்

அண்ணாச்சி, கீர்த்தனை ஈ ஃபிளாட்டில் வந்தால் என்ன செய்வீர்கள்?

#7 பழைய_நாலுகம்பி

ஈ ஸ்ட்ரிங்கை அரைக்கட்டை இறக்குவேன். இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே வாசிப்பேன். முப்பத்தைந்து வருடமாக ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

#8 பிசியோ_மார்த்தாண்டம்

இரணியல்காரன் அண்ணா, ஃப்ரெட் பற்றி எனக்குத் தெரியாது, மணிக்கட்டு தெரியும். ஒரு விஷயம் கேட்கிறேன்: உங்கள் பழைய பேஸை நின்று வாசிக்கும்போது அது எங்கே இருக்கிறது? தொப்புளுக்கு மேலேயா, பெல்ட்டுக்குக் கீழேயா?

ஸ்ட்ராப்பை நீளமாக விட்டால் முதல் ஃப்ரெட்டைத் தொட மணிக்கட்டை நன்றாக மடக்க வேண்டிவரும். மடங்கின மணிக்கட்டில் விரல்களை வேலை வாங்கும்போதுதான் உள்ளே நரம்பும் தசைநாணும் போகிற குழாயில் அழுத்தம் ஏறுகிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்கட்டும். இதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போவது, ராத்திரி கையை உதறத் தோன்றுவது இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

#9 இரணியல்காரன்

தம்பி, பெல்ட்டுக்குக் கீழேதான். ஸ்டைலுக்கு விட்டது, இருபது வயதில். அப்புறம் மாற்றவே இல்லை. மரத்துப்போவது இல்லை, வலி மட்டும்தான்.

#10 குளச்சல்_அலை

எனக்கு இரண்டு கேள்வி. முதல் ஃப்ரெட் பக்கம் விரல் எட்டுகிறதா? ஸ்லாப், அதாவது பெருவிரலால் கம்பியை அறைந்து வாசித்தீர்களா?

#11 இரணியல்காரன்

இதை நிதானமாக எழுதுகிறேன், எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்.

ஒற்றை ஒற்றை ஸ்வரமாக ஓடினால் சாய்வு தெரியவே இல்லை. சொன்னேனே, கண்ணை மூடினால் போதும். காரணமும் யோசித்துப் பார்த்தேன். கையை நட் பக்கம் நீட்டும்போது முழங்கை விரிகிறது, விரல்கள் தானாக வெளிப்பக்கம் சாய்கின்றன. கை உடம்புப் பக்கம் வரவர விரல்கள் உட்பக்கம் திரும்புகின்றன. ஃப்ரெட்டும் அதே மாதிரிதான் விசிறியாக விரிகிறது.

சிக்கல் ஒரு இடத்தில் இருக்கிறது. ஈ ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் எஃப். அதன் மேல்ஸ்தாயி டி ஸ்ட்ரிங் மூன்றாவது ஃப்ரெட்டில். கானமேளாவில் பாதிப் பாட்டு இந்தப் பிடியில்தான் ஓடும். சாய்வினால் கீழ் ஸ்ட்ரிங் நட் பக்கமாக விலகுகிறது, மேல் ஸ்ட்ரிங் உடம்புப் பக்கமாக வருகிறது. ஆகவே இந்தப் பிடி அகலமாகிறது. டேப் வைத்து அளந்தேன்: என் பழைய பேஸில் சுமார் 89 மில்லிமீட்டர், இதில் கிட்டத்தட்ட 95. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுண்டுவிரலைக் கேட்டால் தெரியும். முதல் நாள் இரண்டு பாட்டுக்கு மேல் முடியவில்லை.

ஆனால் அதே எஃப்பை பி ஸ்ட்ரிங் ஆறாவது ஃப்ரெட்டில் எடுத்து, மேல்ஸ்தாயியை ஏ ஸ்ட்ரிங் எட்டாவதில் எடுத்தால் சாய்வு கிட்டத்தட்ட இல்லை. பழைய பேஸில் அந்த இடத்தில் பி ஸ்ட்ரிங் ‘தொம்’ என்று செத்த சத்தம் தரும், அதனால் போகவே மாட்டேன். இதில் தெளிவாக வருகிறது. இரண்டு நாளில் கை அங்கே போகப் பழகிவிட்டது. ஏழுக்கு மேலே போனால் கதை தலைகீழ். இதே பிடி அங்கே சுருங்குகிறது, விரல் நெருக்கியடிக்கிறது. பன்னிரண்டுக்கு மேலே நான் போவது ஈஸ்டருக்கு ஒரு தடவைதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை.

ஸ்லாப் நான் வாசிப்பதில்லை. மச்சினன் வாசிப்பான், அவன் ஒன்றும் குறை சொல்லவில்லை. வலது கையில் ஒரு விஷயம்: கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பும் சாய்வாக இருப்பதால் பெருவிரலை அதன்மேல் ஊன்றும்போது கோணம் மாறுகிறது. பி ஸ்ட்ரிங்குக்குக் கையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டியிருக்கிறது. அது அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது.

#12 மரப்பட்டறை

தக்கலையில் கிட்டார், வீணை, ஹார்மோனியம் எல்லாம் பழுது பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் எதிர்காலத்தையும் யோசியுங்கள்.

நேர் ஃப்ரெட் பேஸில் பிக்கப் போனால் எங்கிருந்தாவது ஒன்று வாங்கிப் பொருத்திவிடலாம். சாய்ந்த பிக்கப் அப்படிக் கிடைக்காது, அதே அளவு, அதே கோணம் வேண்டும். பிரிட்ஜும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்குத் தனித்தனித் துண்டு. ஒன்றின் மரை தேய்ந்தால் அந்தத் துண்டை வரவழைக்க வேண்டும். ஸ்ட்ரிங் வாங்கும்போது நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். 35க்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை, 37 என்றால் அதற்கென்று செய்த செட் வேண்டும். தலையில்லாத பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஸ்ட்ரிங் தேவைப்படும். இப்போது வருகிற பலவற்றில் சாதா ஸ்ட்ரிங்கையே போட்டு, நட் பக்கம் திருகால் இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிடலாம். இறுக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நெக் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. நம் மாவட்டத்துக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கழுத்தின் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராடை வருடத்துக்கு இரண்டு தடவை தொட வேண்டியது எல்லா பேஸுக்கும் உள்ளதுதான்.

#13 குளச்சல்_அலை

கடற்கரைக்காரன் அனுபவம் ஒன்று: பிரிட்ஜ் பக்கம் இருக்கிற ட்யூனிங் திருகுகளுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். என் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. நண்பனின் தலையில்லாத கிட்டார் ஒரு வருடம் என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு திருகு திரும்பவே இல்லை. வலது கை வியர்வையும் நேரே அங்கேதான் இறங்கும்.

#14 இரணியல்காரன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுபோனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ட்யூனர். நான் வைத்திருப்பது தலையில் கவ்வுகிற கிளிப் வகை. தலை எங்கே? நட் பக்கம் ஒரு சின்ன இரும்புத் துண்டுதான் இருக்கிறது, அதில் கவ்வி நிற்கவில்லை. கடைசியில் கீபோர்டு அக்காவை ஒவ்வொரு ஸ்வரமாக அமுக்கச் சொல்லிக் காதால் சேர்த்தேன்.

அடுத்து ஸ்டாண்ட். சபையில் இருப்பது கழுத்தைத் தொங்கவிடுகிற ஸ்டாண்ட். தலை இருந்தால்தானே தொங்கும். பிரசங்க நேரத்தில் நாற்பது நிமிடம் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன்.

மூன்றாவது என் முட்டாள்தனம். இது ஆக்டிவ் பேஸ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. கேபிளைச் செருகியிருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து கேபிளைப் பிடுங்காமல் வீட்டில் அப்படியே வைத்துவிட்டேன். காணிக்கைப் பாட்டு நடுவில் சத்தம் கரகரத்து, தேய்ந்து, நின்றுவிட்டது. குழுத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆனால் அதற்கு முந்தின பாட்டு ஈ ஃபிளாட். பி ஸ்ட்ரிங் நாலாவது ஃப்ரெட்டில் கீழ் ஈ ஃபிளாட்டைப் பிடித்தேன். இத்தனை வருடமாக அந்த ஸ்வரம் எங்கள் சபையில் ஒரு உறுமலாகத்தான் கேட்டிருக்கிறது, எந்த ஸ்வரம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு ஆண் குரல்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய கீழ்க்குரலுக்கு அடியில் பலகை போட்டது போல அது நின்றது. அதே ஆம்ப்தான், அதே கைதான்.

#15 ஃபிசிக்ஸ்_சார்

அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒருவேளை ஸ்ட்ரிங் புதிது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் பழைய பேஸில் ஸ்ட்ரிங் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று?

#16 இரணியல்காரன்

சார், அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். மூன்று வருடம்.

#17 பழைய_நாலுகம்பி

மூன்று வருடம் ஆன கம்பியை வைத்துக்கொண்டு மஸ்கட் பேஸை மெச்சுகிறாயா? முதலில் புதுசு போடு லே. சனிக்கிழமை நான் திங்கள்சந்தைக்கு வருகிற வேலை இருக்கிறது. அந்தக் கோணல் ஏணியைப் பார்க்கத்தான் போகிறேன்.

#18 குலசேகரம்_பால்வெட்டு

அண்ணாச்சி போகிற வழியில் ரசவடை வாங்கிக்கொண்டு போகவும். வெறுங்கையோடு போனால் பேஸைத் தொட விடமாட்டார்கள்.

#19 பழைய_நாலுகம்பி

போய் வந்தேன். வாசித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சாய்வு எனக்கு இடைஞ்சலாகவே இல்லை. பத்து நிமிடத்தில் மறந்துபோனேன். தலை இல்லாததுதான் படுத்தியது. முப்பத்தைந்து வருடமாகக் கண் ஓரத்தில் ஒரு தலை தெரியும், நட் எங்கே இருக்கிறது என்று கைக்கு அதைக் கொண்டுதான் கணக்கு. இதில் கை இரண்டு தடவை ஃப்ரெட்போர்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. இரணியல்காரன் பெண்டாட்டி பார்த்துச் சிரித்தது.

தோளில் எடை தெரியவில்லை. கையை எடுத்தாலும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. இந்த வயதில் எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. பி ஸ்ட்ரிங் கொள்ளாம். ஜி ஸ்ட்ரிங் என் பேஸில் இருப்பதைவிட மெத்தென்று இருந்தது, பிடித்திருந்தது, ஆனால் அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறுகிறது. என் கை அழுத்தம் அப்படி.

ஆர்ஃபாரியன் சார் ஜெயித்தார் என்று எழுதிக்கொள்ளட்டும். நான் வாங்கப் போவதில்லை.

#20 குளச்சல்_அலை

சரி, கடைசியில் இரணியல்காரன் வாங்குகிறாரா இல்லையா?

#21 இரணியல்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் சபையில் அசனம், பந்தி பரிமாறுகிற வேலை.

இதற்கிடையில் பழைய பேஸில் மூன்று காரியம் செய்தேன். நாலு அங்குல அகல ஸ்ட்ராப், உள்பக்கம் சொரசொரப்பான தோல். தோளில் வழுக்காது, தலை இறங்குவது பாதி நின்றது. ஸ்ட்ராப்பை ஒரு சாண் ஏற்றினேன், பிசியோ தம்பி சொன்னபடி. ஸ்ட்ரிங் புதிது, பி மட்டும் தடிமன் 130க்குப் பதில் 135.

மணிக்கட்டு வலி முக்கால்வாசி குறைந்துவிட்டது. மஸ்கட் பேஸ் வாசித்தபோது குறைந்ததும் பெரும்பாலும் அது லேசாக இருந்ததாலும், நெஞ்சுக்குப் பக்கத்தில் உயர நின்றதாலும்தான் என்று இப்போது படுகிறது. சாய்ந்த ஃப்ரெட்டுக்கு அதில் பெரிய பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மணிக்கட்டுக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஸ்ட்ராப்பைப் பாருங்கள்.

பி ஸ்ட்ரிங் விஷயம் வேறு. புது 135 போட்டும் பழைய பேஸில் நாலாவது ஃப்ரெட் ஈ ஃபிளாட் அந்த அளவுக்கு வரவில்லை. முன்னைக்கு இப்போது பரவாயில்லை, அவ்வளவுதான். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த இரண்டு பேரில் ஒருவர் வந்து, “அந்தத் தலையில்லாதது ரிப்பேரா?” என்று கேட்டார்.

மச்சினன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். பேஸைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அடுத்த லீவு வரை என்னிடம் இருக்கட்டும், பிடித்தால் பணம் கொடு, இல்லையென்றால் எண்ணெய் விட்டு வை என்கிறான். குளச்சல்_அலை சொன்ன எண்ணெய் விஷயத்தை நான்தான் அவனுக்குக் காட்டினேன்.

#22 மரப்பட்டறை

அப்படியானால் பழையதைக் கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா? நம் கடைக்கு வருகிற ஒரு பையன் ஐந்து ஸ்ட்ரிங் தேடுகிறான்.

#23 இரணியல்காரன்

இப்போதைக்கு இல்லை அண்ணே. சபையில் வைக்க கழுத்து ஸ்டாண்ட் ஒன்றுதான் இருக்கிறது. பேஸின் அடிப்பாகம் உட்காருகிற மாதிரி ஸ்டாண்ட் உங்களிடம் இருந்தால் விலை சொல்லுங்கள். தரையில் வைக்கிற பெடல் ட்யூனரும் ஒன்று வேண்டும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை. 9 வோல்ட் பேட்டரி மட்டும் நாலு வாங்கிவிட்டேன்.